மஞ்சுளா விட்ட சீட்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சுளாவிடமிருந்து போன்.

"சஹானாவுக்கு கெடைச்சிடுச்சுடி! நீ படிச்ச அதே எடம்!"

சஹானா அவள் மகள். அந்த இடம், பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம். நாடு முழுக்கப் பரீட்சை எழுதுவார்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் எடுப்பார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். கூடவே நெஞ்சில் ஒரு உறுத்தல். ஏனென்றால்… அங்கே நான் படித்ததே மஞ்சுளாவின் சீட்டில்தான்.

இருபத்தெட்டு வருஷத்துக் கதை. இன்று சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளி, ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். என் அப்பா பாக்டரி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். மஞ்சுளாவுக்குத் தொரப்பள்ளிப் பக்கம் தோட்டம். வீட்டில் கன்னடம், தோட்டத்து ஆட்களோடு தெலுங்கு, என்னோடு தமிழ்.

தாவரவியல் பி.எஸ்சி. முடிக்கும்போது அந்த நுழைவுத் தேர்வை எழுதினோம். ஆசை என்னுடையது. அவள் சும்மா துணைக்கு எழுதினாள். இன்டர்வியூவுக்கும் ஒன்றாகவே பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் நான் பாடம் ஒப்பித்தேன். அவள் ஜன்னலோரம் தூங்கினாள்.

முடிவு தபாலில் வந்தது. அவள் தேர்வு. நான் காத்திருப்போர் பட்டியலில் — முதல் ஆள்!

அதைவிடக் கொடுமை உண்டா? இரண்டு நாள் நான் அறையை விட்டே வரவில்லை. "ஏட்டி, ஒரு வாயாவது சாப்பிடுட்டி" என்று அம்மா கதவருகில் நின்று கெஞ்சினாள். உண்மையைச் சொல்லட்டுமா? அழுகையைவிட மஞ்சுளா மேல் கோபம்தான் அதிகம். துணைக்கு வந்தவளுக்கு சீட்டா?

அடுத்த வாரமே இன்னொரு கடிதம். ஓர் இடம் காலியாம்… நான் சேரலாமாம்!

மஞ்சுளா வீட்டுக்கு ஓடினேன். "நான் போகல. நீ போ" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்ற பயம்.

போனேன். படித்தேன். ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயராக அவள் பெயரைப் போட்டேன் — 'எனக்காக விட்டுக்கொடுத்த தோழிக்கு' என்று. ஆனாலும் எந்தப் பாராட்டையும் முழுசாக அனுபவித்ததில்லை. இதெல்லாம் அவளுக்கு வரவேண்டியது என்று உள்ளே ஒரு குரல்.

போன் வந்த ஞாயிறு மாலையே ஸ்வீட் பாக்ஸோடு மஞ்சுளாவின் தோட்டத்துக்குக் கிளம்பினேன். பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் மஞ்சுளாவும் சஹானாவும் ரோஜாக்களைக் காம்பின் நீளவாரியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பன்னிரண்டு வகை ரோஜா. ஒவ்வொன்றின் குணமும் மஞ்சுளாவுக்கு அத்துப்படி.

அங்கேயே கேட்டுவிட்டேன். "எனக்காக ஏன்டி அந்த சீட்டை விட்டே?"

மஞ்சுளா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உனக்காகவா? என்னாத்துக்குடி உனக்காக விடணும்?"

"அப்புறம்?"

"இன்டர்வியூ அன்னிக்கு உன்ன உள்ள கூப்பிட்டாங்கல்ல? நான் சுத்திப் பாத்தேன். ஒரு லேப்ல ஜன்னல் பூரா மூடி இருந்துச்சு. மைக்ராஸ்கோப்ல குனிஞ்ச மனுசன் நிமிரவே இல்ல. எனக்கு மூச்சு முட்டிடுச்சு. செடிய மண்ணோட பாக்கணும்டி எனக்கு. உன் நன்றியுரையப் படிச்சிட்டு, நான் என்னாத்த விட்டுக்கொடுத்தேன்னு ரெண்டு நாள் யோசிச்சேன்!"

சஹானா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அந்த மூடிய ஜன்னல் லேப்தான் வேண்டுமாம்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது… கொஞ்சம் ஏமாற்றமும் சேர்ந்து. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த குற்றவுணர்ச்சிக்கு அர்த்தமே இல்லையா?

மஞ்சுளா என் முகத்தைப் பார்த்தாள். பூக்கட்டுகளை வாளித் தண்ணீரில் இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஒண்ணு மட்டும் உனக்காகத்தான் செஞ்சேன். வேணாம்னு சொல்ல ஒரு மாசம் டைம் குடுத்திருந்தாங்க. நீ சோறு திங்காம கெடக்கறேன்னு உங்கம்மா சொன்னாங்க. தபால்ல போட்டா லேட்டாகும்னு, மறுநாளே பஸ் ஏறி நேர்ல போயி எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

எப்போது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது!