நடுவில் என்ஜின் வைத்த எங்கள் ரேஸ் கார்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களிடம் ஒரு ரேஸ் கார் இருந்தது. பெரம்பலூரில் வாடகை வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில், தகர டப்பாவுக்குச் சக்கரம் மாட்டியதுபோல் வெள்ளையாக நிற்கும். ஊரில் எல்லாரும் அதை வேன் என்றுதான் சொன்னார்கள். சிமெண்டு ஆலை ஆபீசர் ஒருவர் புத்தியைக் கெடுக்கும்வரை என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆபீசர் மெட்ராஸ்காரர். சோழவரத்தில் ரேஸ் பார்த்தே வளர்ந்தவராம். ஒருநாள் அவரை அரியலூரில் விடப் போனபோது, என் அம்மா வீடு அந்தப் பக்கம் என்பதால் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் உட்கார்ந்த ஆபீசர் கொஞ்ச நேரத்திலேயே நெளிய ஆரம்பித்தார். அந்த வேனுக்கு என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். வெயில் காலத்தில் அங்கே உட்காருவது தோசைக்கல்லில் உட்காருவது மாதிரி. ஆனால் அவர் சூட்டைப் பற்றிக் குறை சொல்லவில்லை. வெளிநாட்டு ரேஸ் காருக்கும் என்ஜின் நடுவில்தான், டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் என்றார். கனமெல்லாம் நடுவில் இருப்பதால் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பிவிடுமாம், மற்ற கார்கள் தடுமாறும் வளைவில்கூடத் தரையைக் கவ்விக்கொண்டு போகுமாம்.

என் வீட்டுக்காரரின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பில்கூட அந்த மனிதர் அப்படிப் பூரித்ததில்லை.

ஆபீசர் அதோடு நிறுத்தவில்லை. அந்த மாதிரிக் கார் கடைசிவரை தரையைப் பிடித்துக்கொண்டே வந்து, விடும்போது சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும் என்றார். வேகமாகத் திரும்பும்போது பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு. கனம் முன்பக்கம் சாய்ந்து, பின்சக்கரத்துக்குப் பிடி இல்லாமல் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். பிரேக் பிடிப்பதென்றால் வளைவுக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும், உள்ளே போனபிறகு காலை எடுக்கவே கூடாது. இதையெல்லாம் நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் முதல் பாதியோடு காதைச் சாத்திக்கொண்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து ஸ்டாண்டில் இதே பேச்சு. வெளிநாட்டு ரேஸ் காரும் தன் வண்டியும் ஒரே சாதி என்றார். முதுகுக்குப் பின்னால் இருந்தால் என்ன, உட்காருகிற இடத்துக்குக் கீழே இருந்தால் என்ன, ஒரு சாண்தானே வித்தியாசம் என்பது அவர் கணக்கு. ஸ்டாண்டுத் தலைவர் அம்பாசிடர் வைத்திருந்தார். அதற்கு என்ஜின் மூக்கில் என்று இவர் இளக்காரமாகச் சொன்னதும் தலைவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ஓட்டிக் காட்டு என்றார். இவரும், தோற்றால் இந்த ஸ்டாண்டில் வண்டியே போட மாட்டேன் என்று வாயைவிட்டுவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஸ்டாண்டில் ஓர் இடம் கிடைக்க நாயாய் அலைந்திருக்கிறோம். கல்யாணச் சவாரியும் ஆலைச் சவாரியும் அங்கே வந்துதான் வண்டி பிடிக்கும். அந்த இடம் போனால் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது நின்றுவிடும். இதைச் சொன்னேன். ஆபீசர் சொன்ன இரண்டாவது பாதியையும் சொன்னேன். "உனக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

ஸ்டாண்டுக்காரர்கள் கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டார்கள். தனியாக ஓட்டினால் கண்மண் தெரியாமல் ஓட்டி வண்டியை உடைத்துக்கொள்வார்கள், அதனால் அவரவர் வீட்டுப் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். வீட்டாள் உள்ளே இருந்தால் எவனும் நிதானமாகத்தான் போவானாம். உலகத்தில் வேறெந்த ரேஸிலும் இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்திருக்காது. பிள்ளைகளை ஏற்ற முடியாது என்று சண்டை போட்டு அவர்களை அக்கா வீட்டில் விட்டேன். மாமியார் மட்டும் கோயிலுக்குப் போகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார்.

குரும்பலூர் பக்கம் வறண்டு கிடந்த ஓர் ஏரிதான் மைதானம். எதிரெதிரே நின்ற இரண்டு கருவேல மரங்களைச் சுற்றி மூன்று முறை வர வேண்டும். மாமியார் வழக்கம்போல முன் சீட்டில் ஏறினார். பெற்றவள் முன்னால், கட்டியவள் பின்னால் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சீட்டு எவ்வளவு சுட்டாலும் அவர் அதை விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் மரத்திலேயே அசந்துபோனேன். பொய் சொல்லக் கூடாது, ஆபீசர் சொன்னதெல்லாம் நிஜம். ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே வேன் மூக்கை உள்ளே நுழைத்துக்கொண்டது. பக்கத்தில் வந்த அம்பாசிடர், சக்கரம் முழுக்கத் திரும்பியிருந்தும், கேட்காமல் நேராகவே புழுதியை உழுதுகொண்டு வெளியே போனது. உள்ளே தலைவர் சம்சாரம் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றில் நன்றாக முந்திவிட்டோம். ஆனால் வளைவில் என் இடுப்புக்கு அடியில் வண்டி லேசாக வழுக்குவது தெரிந்தது. பின்பக்கம் நம்மைத் தாண்டிப் போகப் பார்ப்பதுபோல ஓர் இழுப்பு. அவர் காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஒடித்துச் சமாளித்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு தெரியுமா என்று பெருமையாகக்கூட இருந்தது. ஸ்டாண்டு இடம் தப்பித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி மரம். முன்னைவிட வேகமாக உள்ளே போனார். பின்பக்கம் மறுபடி வழுக்கியது. கீழே சூடு, வெளியே கருவேல முள். மாமியாருக்குத் தாங்கவில்லை.

"டேய், மெதுவாப் போடா."

கல்யாணமான நாளிலிருந்து மெதுவாகப் போங்க, மெதுவாகப் போங்க என்று நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். ஒருநாளும் காதில் வாங்காத மனிதர். அம்மா ஒரு வார்த்தை சொன்னதும், நல்ல பிள்ளையாக, நடு வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

முன்பக்கம் சடக்கென்று உள்ளே பாய்ந்தது. பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. மரம் தெரிந்தது, கரை தெரிந்தது, மறுபடி அதே மரம். ஒருபக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது செத்தோம் என்றே நினைத்தேன். பிள்ளைகளின் முகம் வந்து போனது. சாமி புண்ணியத்தில் சக்கரம் கீழே இறங்கி, வந்த வழியைப் பார்த்தபடி வண்டி அணைந்து நின்றது. புழுதி அடங்கும் முன்பே அம்பாசிடர் தேர்போல அசைந்து எங்களைத் தாண்டிப் போனது.

மாமியார் கண்ணைத் திறந்து, "வந்துட்டமா?" என்றார்.

தோற்றதற்குக் காரணம் கண்டுபிடித்தவரும் அவர்தான். பின்னால் உட்கார்ந்திருந்த என் கனம்தான் வண்டியை இழுத்துவிட்டதாம். ஸ்டாண்டுக்காரர்கள் அதை ஆமோதித்துத் தலையாட்டினார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. ஏரிக்கரைவரை நடந்தே வந்தேன். என் வீட்டுக்காரர் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கு வாக்குதான் என்று தலைவர் சொல்லிவிட்டார். எங்கள் இடம் போயிற்று. ஆலைச் சவாரியும் அதோடு போயிற்று. திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நம்பித்தான் இனிப் பிழைப்பு. மற்ற நாளில் வேன் வாசலில் கிடந்தது, அவர் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் வெள்ளிக்கிழமை, வண்டி எடுக்கும்போது சாமி கும்பிட நாங்களும் கிளம்பினோம். மாமியார் பட்டுப்புடவையோடு வந்து முன் கதவில் கை வைத்தார். நான் என் பழக்கப்படி பின்பக்கம் போனேன்.

"அம்மா, நீ பின்னாடி உக்காரு," என்றார் அவர்.

மாமியாருக்குப் புரியவில்லை. ஏன்டா என்று கேட்டார். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எப்ப கால எடுக்கக் கூடாதுன்னு அவளுக்குத்தான் தெரியும்."

நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். சிறுவாச்சூர் போய்ச் சேருவதற்குள் சீட்டு நன்றாகச் சுட்டது. நான் நெளியவே இல்லை.