லத்தீபின் மின்சார ஜாடிகள்

பழங்காநத்தத்தில் அப்துல் லத்தீபின் விளக்குக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணமோ கந்தூரியோ, பெட்ரோமாக்ஸ் விளக்கு அவரிடமிருந்துதான் வாடகைக்குப் போகும். காற்றடித்து, திரி வெள்ளையாகப் பூத்ததும், விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். கூட்டம் மொத்தமும் ‘ஆ’வென்று ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு கணம் போதும் அவருக்கு. அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும்.

காளை வந்தபிறகு சோறு இறங்கவில்லை.

காளை சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவரின் மகன். மதுரையில் பஸ் ஷெட்டில் வேலை. இன்ஜினுக்குப் பொறி கொடுத்துக் கழித்துப்போட்ட இக்னீஷன் காயிலையும் ஒரு பாட்டரியையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே நீல நெருப்பைத் தாவவிடுவான். லத்தீபின் விளக்கு எரிகிற பந்தலிலேயே ஒரு மூலையில் கறுப்புத் துணி கட்டி அந்த வேடிக்கையைக் காட்டுவான். ஜனங்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அங்கே போய் மொய்த்தார்கள்.

அவன் நிற்கிற நிலைதான் லத்தீபுக்கு இன்னும் எரிச்சல். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் மட்டும் பெட்டியைத் தொடுவான்.

“கலெக்டரு நிக்கிற மாதிரில்ல நிக்கிறான்! எம்புட்டுத் திமிரு!” என்று மனைவி ஆரிபாவிடம் பொருமினார்.

“திமிரோ என்னமோ, அந்த நெருப்பு அழகாத்தான் இருக்கு” என்றாள் ஆரிபா. அன்றோடு லத்தீபின் தூக்கமும் போயிற்று.

டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் ஒருவன் அவருக்கு வழி சொன்னான். காயிலோடு கண்ணாடி ஜாடிகளையும் சேர்த்தால் நெருப்பு விரல் தண்டிக்குத் தடித்து, வேட்டுப் போல வெடிக்குமாம். லத்தீப் இரும்புக் கடைவீதியில் பழைய காரின் காயிலைத் தேடிப் பிடித்தார். மிட்டாய் ஜாடிகளில் உப்புத் தண்ணீர் நிரப்பி, வெளியே தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி, மூடி வழியாகப் பித்தளைக் கம்பி இறக்கினார். விளக்குகள் துடைக்கப்படாமல் கிடந்தன. வாடகைக்கு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. காளையின் முகம் சுருங்குவதை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்தவர்களைக் கடைக்குள் அழைத்தார். காளைக்கும் ஆள் விட்டிருந்தார். கதவுப் பலகைகளை அடைத்து இருட்டாக்கி, ஸ்விட்சைப் போட்டார். ஜாடிகளிலிருந்து கிளம்பிய நெருப்பு ‘படார்’ என்று வெடித்தது. கடை அதிர்ந்தது. ‘ஆ’ என்றது கூட்டம்.

லத்தீப் காளையைத்தான் பார்த்தார். அவன் முகம் சுருங்கித்தான் இருந்தது.

“அண்ணே, ஸ்விட்சை அமத்திட்டா கரண்டு செத்துப்போச்சுன்னு நெனச்சிராதீக. ஜாடிக்குள்ள கெடந்துக்கிட்டே இருக்கும்” என்றான் காளை.

பொறாமையில் பேசுகிறான் என்று லத்தீபின் உள்ளம் குளிர்ந்தது. “பயந்தவன்தான் ஒத்தக் கையால தொடுவான் தம்பி. இங்க பாரு!” என்றார். ஸ்விட்சை அணைத்துவிட்டு, இடது கையால் ஒரு ஜாடியின் ஈயத்தாளை அணைத்துப் பிடித்து, வலது கையால் கம்பியைப் பற்றினார்.

யாரோ நெஞ்சில் உலக்கையால் இடித்தது போலிருந்தது. அவர் பின்னால் போய் விழுந்ததைக் கூட்டம் பார்த்தது, அவருக்குத் தெரியவில்லை. மூச்சு நின்றிருந்தது. காளை பாய்ந்து வந்து அவரைக் குப்புறப் போட்டு, வைகையில் முங்கியவர்களுக்குச் செய்வது போல முதுகை அமுக்கி அமுக்கி விட்டான். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த ஆரிபா, கணவன் தலைமாட்டில் இருந்த மற்றொரு ஜாடியை நகர்த்தக் கை நீட்டினாள்.

“தொடாதீக மதினி! அதுலயும் இருக்கு!” என்று கத்தினான் காளை.

லத்தீபுக்கு இருமல் வந்தது, மூச்சும் வந்தது. அதற்குப் பிறகுதான் காளை எழுந்தான். மிச்சமிருந்த கரண்டை வடிக்க, ஒரு கம்பியின் முனையை அந்த ஜாடியின் ஈயத்தாளில் சுற்றி, மறுமுனையைக் காய்ந்த மூங்கிலில் கட்டி எட்ட நின்று அதன் தலையைத் தொட்டான். ‘படார்!’ கூட்டம் மறுபடியும் ‘ஆ’ என்றது.

பாதி மயக்கத்தில் லத்தீபின் காதில் விழுந்த முதல் சத்தம் அந்த ‘ஆ’தான். செத்துப் பிழைத்துக் கிடந்த அந்த நேரத்திலும் அவருக்கு வயிறு எரிந்தது.

வலது கை விரல்கள் இரண்டு வெந்து, வளைந்தபடியே நின்றுவிட்டன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காளையைத்தான் புகழ்ந்தார்கள். ஆரிபா அவனுக்குத் தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்பினாள். லத்தீப் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் காளையே வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். “ரெண்டு கையும் பட்டா கரண்டு நெஞ்சு வழியால்ல ஓடுது. நானும் ஷெட்டுல ஒருக்கா தூக்கியெறியப்பட்டவந்தான். அதுலருந்துதான் ஒரு கையைக் கட்டிப்போட்டுருவேன்.”

“முந்தியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“நீங்க எங்கிட்ட நல்லா முகங்குடுத்துப் பேசி எம்புட்டு நாளாச்சு அண்ணே?”

லத்தீப் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார். “அந்த ஜாடிகளை நீயே எடுத்துட்டுப் போ” என்றார். காளை, “நீங்களும் வாங்க. கூட்டத்தை எட்ட நிறுத்த ஒரு ஆளு வேணும்” என்றான்.

சோழவந்தான் திருவிழாவில் இருவரும் சேர்ந்தே நின்றார்கள். காளை பெட்டியருகே, லத்தீப் மறித்துக் கட்டிய கயிற்றருகே. கூட்டத்தை எட்ட நிறுத்தத்தான் அவர் பேச ஆரம்பித்தார். வளைந்த விரல்களைக் காட்டினார். நெஞ்சில் இடி விழுந்த கதையைச் சொன்னார். “அணைச்சிட்டோம்னு நம்பிக் கைய வெச்சேன்…” என்று நிறுத்தினார். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னே நெருக்கினார்கள். அந்நேரம் பெட்டியில் நீல நெருப்பு இரண்டு தடவை தாவி அடங்கியது; ஒருவரும் திரும்பவில்லை.

“அண்ணே, இம்புட்டுப் பேசணுமா? வேடிக்கை இங்கிட்டு நடக்குது” என்றான் காளை. குரல் கடுகடுவென்றிருந்தது.

லத்தீப் அவன் முகத்தைப் பார்த்தார். அந்தச் சுருக்கத்தை அவர் நன்றாக அறிவார். எத்தனையோ கல்யாணப் பந்தல்களில் அதை அவரே சுமந்து நின்றிருக்கிறார்.

“இந்தா, முடிச்சிர்றேன் தம்பி” என்று சொல்லிவிட்டு, கதையை முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.