பானெட் வெட்டப்படாது

காலையில் வாங்கும் கென்கேயில் முதல் கிள்ளு மெக்கானிக் அச்சியாவின் வாய்க்குப் போவதில்லை. எஞ்சின் தலைக்குத்தான் போகும். புளித்த சோளமாவை அவித்த அந்த உருண்டையில் நெல்லிக்காயளவு கிள்ளி, சோளத்தோல் விரித்து எஞ்சின் உச்சியில் வைத்து, பானெட் மூடியைச் சாத்துவாள். திறக்கும்போது மிஞ்சியிருக்கும் உயரம்தான் எஞ்சினுக்கும் மூடிக்கும் இடைவெளி. ஸ்கேல் இல்லாமலில்லை, மூன்று இருக்கின்றன. "மூடின பொறவு ஸ்கேலு உள்ள போயிப் பாக்குமா? இது பாத்துட்டு வந்து சொல்லும்" என்பாள்.

குமாசி நகரின் சுவாமே கார்ப் பட்டறைகளில் இருபத்திரண்டு வருடமாக அவளுடைய பலகை தொங்குகிறது: 'பெரிய எஞ்சின் பொருத்தப்படும். பானெட் வெட்டப்படாது.' எதிர்ப்பட்டறை வெல்டர் ஒப்போகுவுக்கு அதைக் கண்டாலே எரியும். எஞ்சின் தலை இடித்தால் பானெட்டில் ஓட்டை போடுவது அவன் பிழைப்பு.

போவாடு வாத்தியாரின் மோரிஸ் மைனர் கார், அறுபத்தாறாம் வருடத்து வண்டி. பழுதுபார்த்துப் புதுப்பிக்க வந்தது. சனிக்கிழமைதோறும் வாத்தியாருக்கு எங்காவது சாவுச் சடங்கு. போகிற வழியில் மாம்போங் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட, சடங்குக்குக் கட்டிய கறுப்புத் துணி புழுதியாகத் தள்ளிக்கொண்டு போவார்.

"பெரிய எஞ்சினா வையி தாயி. ஆனா அதோட மூஞ்சி மாறக் கூடாது."

ஜப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கினாள். மூன்று நாள், மூன்று கிள்ளு. மூன்றும் அப்பளமாகத் திரும்பின.

"பெயிண்டு டப்பா கொண்டாரட்டா அக்கா?" என்றான் ஒப்போகு. "முழுசா அழிக்க வேணாம். 'படாது'வ 'படும்'னு மாத்துனா போதும்."

"வெள்ளிக்கிழமையும் நசுங்குனா நீயே வந்து மாத்திக்க" என்றாள் அச்சியா. சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள்.

வண்டிக்கடியில் படுத்து அரை நாள் கிடந்தாள். எல்லோரும் மூடியையே பார்த்துக்கொண்டிருக்க, தட்டுவது அடியில் என்று அப்போதுதான் தெரிந்தது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி ஸ்டியரிங் கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தது. தொட்டியை அறுத்து ஆழத்தைக் குறைத்தாள். எண்ணெய் குறையாதபடி பக்கவாட்டில் அகலப்படுத்தத் தகடு வெட்டி, உறிஞ்சு குழாயையும் குட்டையாக்கினாள். பிறகு துண்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நேரே எதிர்ப்பட்டறைக்குப் போனாள்.

"இத நீதான் பத்தவைக்கணும். ஒழுகுச்சு, ஊரே உன்னையப் பாத்துத்தான் சிரிக்கும்."

ஒப்போகு முறைத்தான். ஆனால் வேலையில் கை வைத்தால் அவனும் ஒழுங்குக்காரன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சொட்டுக்கூடக் கசியவில்லை.

வெள்ளிக்கிழமை எஞ்சின் இரண்டு விரற்கடை கீழே இறங்கி அமர்ந்தது. கிள்ளு வைத்தாள், பானெட்டைச் சாத்தினாள். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற வாத்தியார் பயத்தில் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் பானெட்டைத் திறந்தபோது, கென்கேயின் மேல் அவள் கிள்ளிய விரல் தடம் அப்படியே நின்றது. அச்சியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பெயிண்ட் டப்பாவோடு வந்திருந்த ஒப்போகு குனிந்து பார்த்தான், இன்னொரு முறையும் பார்த்தான். அச்சியா அந்தக் கிள்ளை எடுத்து இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தன் காலைச் சாப்பாட்டு மிளகாய்த் துவையலில் தோய்த்து அவன் முன் நீட்டினாள். டப்பாவைக் கீழே வைக்காமலே அவன் வாயைத் திறந்தான்.