இரண்டு ஹீட்டர் காயிலும் ஒரு சம்பந்தமும்

ஊரின் வடகோடியில் இருக்கும் மிங்கலாடோனிலிருந்து சவரிமுத்து வந்திருந்தார். மூன்றாவது தடவை.

என் மகள் ஸ்டெல்லாவுக்கும் அவருடைய பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. பையனின் அம்மாவுக்குச் சம்மதம். எங்களுக்கும் சம்மதம். சவரிமுத்து மட்டும் டீயைக் குடிப்பார், வடையைச் சாப்பிடுவார், “பார்ப்போம்” என்பார், பஸ் ஏறிவிடுவார். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? சரியா, இல்லையா? அந்த ஒரு வார்த்தையால் எங்கள் வீட்டில் ஒருத்திக்குத் தூக்கமே போய்விட்டது.

அன்று செருப்பை மாட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டார். “நல்ல பீர் குடிச்சு வருஷமாச்சுங்க. கடையில எப்ப வருது, எப்ப தீருதுன்னே தெரியல.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தேனா? “நம்ம வீட்டுலயே போட்டு வைக்கிறேன், வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். “நெசமாவா? அப்ப நவம்பர்ல வர்றேன். குடிச்சுக்கிட்டே பேசி முடிச்சுருவோம்.”

அவர் போனதும் என் மனைவி மேரி கேட்டாள்: “உங்களுக்கு பீர் போடத் தெரியுமா?”

தெரியாது. ஆனால் ஆபீஸில் பத்து வருஷமாக ஃபேன் முதல் மணி வரை ரிப்பேர் பார்ப்பவன் நான். (கலால் இலாகாவில் வேலை பார்க்கும் வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது.)

மலைமேல் கலோவில் இருக்கும் நண்பர் ஒருவர் பார்லி மூட்டை அனுப்பினார். ஊறவைத்து, முளைகட்டி, பாயில் காயவைத்து, ஒன்றிரண்டாக உடைத்தேன். கப்பல் சமையல்காரர் ஒருவர் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைக் கொஞ்சம் கொடுத்தார். ஈஸ்ட், ரொட்டிக் கடையில். மிச்சம் இருந்தது சூடுதான். உடைத்த பார்லி வெந்நீரில் ஒரு மணி நேரமாவது நூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஊறவேண்டும். குறைந்தால் இனிப்பு இறங்காது, கூடினால் வெறும் கஞ்சி. கரி அடுப்பில் இது நடக்கிற காரியமா? மின்சாரம்தான் சரி என்று முடிவு செய்தேன்.

பழைய சாமான் கடையில் இரண்டு கெட்டில்களின் காயில்கள் கிடைத்தன. பாத்திரம்? மேரியின் பிரியாணி டேக்சா. அதன் அடிப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, காயில்களைப் பொருத்தினேன். ஓட்டையைப் பார்த்த மேரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு எதில் சமைப்பது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

முதல் தடவை காயிலைச் சுற்றிப் பார்லி கருகி, தெருவே தீய்ந்த வாடை. இரண்டாவது தடவை கையெடுக்காமல் கிண்டினேன். கருகவில்லை, ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் சூடு நூற்றெழுபதைத் தாண்டிவிட்டது. கஞ்சி! மூட்டையில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் பார்லி. நவம்பருக்கோ நாள் நெருங்கிவிட்டது. “பீர் இல்லன்னா பேச்சும் இல்லையாப்பா?” என்று ஸ்டெல்லா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆபீஸ் லீவு நாளாகப் பார்த்துக் காலண்டரில் வட்டம் போட்டேன். பௌர்ணமி, முழு நாள் விடுமுறை. அது என்ன விடுமுறை என்று யோசித்தேனா? இத்தனை வருஷமாகத் தின்கன்ஜூனில் பர்மியர்கள் நடுவில் குடியிருக்கிறேன். ஆனால் குமாஸ்தா புத்திக்கு லீவுதான் தெரியும்.

தடிஞ்சுட்! வீட்டுக்கு வீடு விளக்கு ஏற்றும் திருநாள்.

பொழுது சாய்ந்ததும் தெருவெங்கும் கலர் பல்பு எரிந்தது. நான் சுவிட்சைப் போட்டேன். அத்தனை பல்பும் சிவந்து, மங்கி, உயிரை விட்டுவிடும்போல ஆகிவிட்டது. அணைத்தேன், பிரகாசம். போட்டேன், மங்கல். மூன்றாவது முறை வாசலில் டோ கின் மியா நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரர். ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். என் தெர்மாமீட்டர்கூட அவரிடம் இரவல் வாங்கியதுதான். அன்று எட்டு சீலம் என்னும் பௌத்த நோன்பு எடுத்திருந்தார். மதுவின் நிழல்கூடப் படக்கூடாத நாள். நாங்கள் பேசிக்கொள்வது பர்மியத்தில்: அவருக்கு நான் ‘ஊ’, அதாவது மிஸ்டர், ஜோசப்; எனக்கு அவர் ‘சயாமா’, அதாவது டீச்சரம்மா.

“ஊ ஜோசப், டேக்சாவில் என்ன?”

“பார்லிக் கஞ்சி” என்றேன். அந்த நேரத்தில் அது சத்தியமான வார்த்தை.

மூடியைத் திறந்து முகர்ந்தார். “இன்றைக்குக் கஞ்சி. அடுத்த வாரம்?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: ஸ்டெல்லா, சவரிமுத்து, கடைசிப் பார்லி. நிறுத்தினால் பெண்ணின் காரியம் கெடும், நிறுத்தாவிட்டால் தெருவின் திருநாள் கெடும். “நிறுத்திவிடுகிறேன் சயாமா” என்று பிளக்கைப் பிடுங்கினேன். வேறு என்ன செய்ய?

டீச்சர் வீட்டுக்குப் போகவில்லை. டேக்சாவின் அடியைக் குனிந்து பார்த்தார்.

“இரண்டு காயிலுக்கும் தனித்தனியாகக் கரெண்ட் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றின் வாலை மற்றதன் தலையில் கட்டுங்கள். கால் பங்குதான் இழுக்கும். எட்டாம் வகுப்புப் பாடம் இது.”

கட்டினேன். சுவிட்சைப் போட்டேன். தெரு விளக்குகள் அசையவே இல்லை. டேக்சா மெதுவாக, மிக மெதுவாகச் சூடேறியது. நூற்றைம்பதைத் தொட்டதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கருகல் இல்லை, தாண்டல் இல்லை. ஒரு கரண்டி எடுத்து நக்கிப் பார்த்தேன்... தேன்! கொதிக்கவைக்கும் வேலையை மட்டும் வெட்கத்தை விட்டுக் கரி அடுப்பிடம் ஒப்படைத்தேன்.

டீச்சர் கிளம்பும்போது விரலை உயர்த்திச் சொன்னார்: “நான் சொல்லிக்கொடுத்தது கரெண்ட்டைப் பற்றி மட்டும். தெரிகிறதா?”

தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சூடு கூடக்கூட வேலை நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆபீஸிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டார் வந்து தடுக்காவிட்டால் மூன்றாவது தடவைப் பார்லியையும் பாழாக்கியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சவரிமுத்து வந்தார். மேரி நூடுல்ஸில் அத்தோ பிசைந்து வைத்தாள். நான் பாட்டிலைத் திறந்தேன். நல்ல நுரை, டீக்கஷாய நிறம். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய். மேரி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து கிளாஸைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்தார்.

“கல்யாணத்துக்கு எத்தனை பாட்டில் போடலாம்?”

நான் வாயைத் திறப்பதற்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது: “அறுபது, மாமா!”

அந்த டேக்சாவில் ஒரு தடவைக்கு இருபதுதான் தேறும். அதனால் என்ன... மூன்று தடவை போடுகிறேன்!