பச்சைக் காரின் இடது மட்கார்டு

அந்தக் காருக்கு பெயிண்ட் அடித்தது நான்தான். அன்றைக்கு அதை ஒளிக்கச் சொன்னார்கள், நான் ஒளிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது மட்டும் எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும்?

ஐம்பதுகளில் ஓசூர் சேலம் ஜில்லாவோடு இருந்தது. பெங்களூர் போகும் ரோட்டோரம் என் வீட்டுக்காரர் தகரக் கொட்டகை போட்டு டிங்கர் வேலை செய்துகொண்டிருந்தார். மாட்டு வண்டியிலும் புளியமரத்திலும் மோதி நசுங்கி வரும் வண்டிகளை அவர் தட்டி எடுத்தால், அடிபட்ட இடம் எதுவென்று தடவிப் பார்த்தாலும் தெரியாது. பெயிண்ட் அடிக்கத் தனியாக ஓர் ஆள் இருந்தார். நான் கல்யாணமாகி வாணியம்பாடியிலிருந்து வந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஆள் கோலார் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதன் பிறகு என் வீட்டுக்காரரே பெயிண்டும் அடிக்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். பச்சை ஜீப் ஒன்று நின்றிருந்தது. அதன் கதவில் காவி நிறத்தில் ஒரு பெரிய திட்டு.

"ஏங்க, இங்க மட்டும் எதுக்குக் காவி அடிச்சிருக்கீங்க?"

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காவியா?" என்றார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

நான் சொல்லவில்லை. அன்றையிலிருந்து கலர் கலக்குவது என் வேலையாயிற்று.

டப்பாவில் வருகிற பச்சை புத்தம் புதுப் பச்சை. வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற கார் அந்தப் பச்சையில் இருக்காது. முதலில் பழைய பெயிண்டின் மேல் கம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்ப்பேன். வெளுத்துப்போன மேல்தோல் போய், அடியில் காரின் நிஜ நிறம் வரும். அதைத்தான் பிடிக்க வேண்டும். டப்பாப் பச்சையில் சொட்டுக் கறுப்பு, கொஞ்சம் மஞ்சள் என்று சேர்த்துச் சேர்த்து ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவைப்பேன். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் இன்னொன்று. காய்ந்த துண்டைக் காரின் மேல் வைத்து நிழலிலும் பார்ப்பேன், வெயிலிலும் பார்ப்பேன். துண்டு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனால் சரி.

ஆரம்பத்தில் நான் கலக்கினேன், அவர் அடித்தார். அது சரிப்பட்டு வரவில்லை. புதுப் பெயிண்ட் ஓர் இடத்தில் வெட்டினாற்போல் நின்றுவிட்டால், எவ்வளவு நல்ல கலரானாலும் அது ஒட்டுத்தான். பழைய பெயிண்டோடு அது கரைந்து போக வேண்டும். எங்கே கரைகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பின்னால் நின்று "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்று கத்தியதுதான் மிச்சம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் "கொடுங்க இங்க" என்று ஸ்பிரே துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். ஓரத்துக்கு வரவர பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னர் அதிகம் ஊற்றி, மணிக்கட்டை வெளிப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு பூச்சையும் முந்தின பூச்சைவிடக் கொஞ்சம் தள்ளி விட வேண்டும். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். மழைநாளில் அடித்துப் பெயிண்ட் வெள்ளை பூத்துப்போய் முழுக்கச் சுரண்டியதும் உண்டு.

புடவைக்கு மேல் அவருடைய பழைய சட்டை, மூக்கில் கட்டிய துணி, இதுதான் என் கோலம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போனால் பெண்கள் என் நகக்கண்ணைத்தான் பார்ப்பார்கள். ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் சிவப்பு. நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதில்லை.

பேரிகைப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவரின் கார் வந்தது அந்தச் சமயத்தில்தான். சீமையிலிருந்து கப்பலில் வந்த கார், கரும்பச்சை. வளைவில் கரும்பு வண்டி இடித்து இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் காரில்தான். என் வீட்டுக்காரர் தகட்டைத் தட்டி நேராக்கினார். நான் அடித்தேன். மட்கார்டில் தொடங்கிக் கதவின் பாதி வரைக்கும் இழுத்துக் கரைத்துவிட்டேன். அது வரை நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை.

கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருக்கும்போது கார் டிரைவர் வந்து பார்த்துவிட்டுப் போனான். மறுநாள் நிலக்காரரே வந்து இறங்கினார். நான் துணியால் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காத மாதிரி என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, பொம்பளையா அடிச்சது?"

"ஆமாங்க."

"இது கல்யாணத்துக்குப் போற வண்டி. தெரியுமில்ல? எல்லாத்தையும் சுரண்டிட்டு உன் கையால அடிச்சுக் கொடு."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "நீ வீட்டுக்குப் போ" என்றார். நான் போகவில்லை. காருக்கும் நிலக்காரருக்கும் நடுவில் வந்து நின்றேன்.

"ஐயா, வேலையில குறை இருந்தா காட்டுங்க. நானே சுரண்டுறேன். குறை இல்லேன்னா யாரையும் தொட விடமாட்டேன்."

அவர் குனிந்து மட்கார்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நியாயமான மனுஷர் மாதிரிதான் பேசினார். "நல்லாத்தான்மா இருக்கு. அதுக்காக? யார் அடிச்சதுன்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஓசூர்ல ஒரு பொம்பளை அடிச்சான்னு சொல்லுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உன்னால அடிக்க முடியுமா, முடியாதா?" என்றார்.

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "முடியாதுங்க" என்றார். "எனக்குப் பச்சை எது, காவி எதுன்னு தெரியாது. பொறவியிலேயே அப்படி. தகட்டுக்குக் கை போதும், பெயிண்டுக்குக் கண்ணு வேணும். அது இவளுக்குத்தான் இருக்கு. இந்தக் கடையில இனிமே இவதான் அடிப்பா."

நானே வெளியில் சொல்லாமல் காத்து வந்த விஷயம். ரோட்டில் நின்று அவரே போட்டு உடைத்துவிட்டார். நிலக்காரர் தெலுங்கில் ஏதோ திட்டிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். கார் போய்விட்டது.

பெங்களூரில் கொடுத்து மேலேயே வேறு பெயிண்ட் அடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கல்யாணத்தன்று ஊர்வலம் எங்கள் கொட்டகை வழியாகத்தான் போனது. நான் ரோட்டுக்கு வந்து நின்று பார்த்தேன். இடது மட்கார்டும் பாதிக் கதவும் மட்டும் பளீரென்று வேறு பச்சையாக இருந்தன, அது முடியும் இடத்தில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. டீக்கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டுக்கு அடியில் என் வேலை கிடக்கிறதே என்று பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன்.

கண் தெரியாதவன் கடை, பொம்பளை கடை என்று பேச்சு பரவியது. வழக்கமாக வந்த சில பேர் வரவில்லை. கொஞ்ச நாள் பின்பக்கம் மறைவாக அடிக்கலாமா என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் சொல்லிப் பார்த்தார். "மறைவா அடிச்சா வெளிச்சம் பத்தாது" என்றேன். என் வீட்டுக்காரரும் நானுமாகச் சேர்ந்து, துப்பாக்கிக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரை உருட்டிக் கொட்டகையின் வாசலுக்கே கொண்டுவந்து வைத்தோம். தூசி வராமல் இருக்க தினமும் காலையில் தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, போகிற வருகிற பஸ் எல்லாம் பார்க்க அடித்தேன்.

அப்படிப் பார்த்துவிட்டுத்தான் மைசூர்ப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டினார். முன்பக்கம் உரசியிருந்தது. பெயிண்ட் அடிக்கிறவர் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு அப்போது கன்னடம் அரைகுறை.

"நானே" என்றேன்.

அது அவர் பாஷையிலும் அதேதான். என்னையும் என் கையிலிருந்த துப்பாக்கியையும் ஒரு தரம் பார்த்தார். பீடியை மிதித்து அணைத்துவிட்டு, "அப்போ கதவையும் சேர்த்து அடிச்சிடும்மா" என்று சாவியை என்னிடம் நீட்டினார்.