வலைக்குள் விளைந்த கம்பு

யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோனதும் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு அடுப்பு பொறுக்கி வருவதை நம்பித்தான் எரிந்தது. கணவர் துறைமுக வேலைக்குப் போன பிறகு நானும் மாமியாரும் கூடையோடு கிளம்புவோம். கடல் வற்றும் நேரத்தில் சேற்றைக் கிளறி மட்டிச் சிப்பி எடுப்போம். உப்பளத்து ஓரமாகச் சாரணைக்கீரை பறிப்போம். ஒன்றும் கிடைக்காத நாளில், அப்போதுதான் தாய்ப்பால் மறந்திருந்த என் மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அவளுக்குக் கூழ் காய்ச்ச, ஓட்டப்பிடாரத்திலிருந்து அம்மா ஒரு சிறு பை கம்பு கொடுத்தனுப்பினாள். அதில் ஒரு பங்கை எடுத்துப் புறவாசலில் விதைத்துவிட்டேன். பொறுக்கித் தின்ற மனிதர்கள் விதைக்கத் தொடங்கிய பிறகுதான் ஊரும் நகரமும் உண்டாயின என்று பள்ளியில் படித்தது மனதில் கிடந்தது. ஆனால் கைமண்ணைத் தட்டும்போதே சந்தேகம் வந்துவிட்டது. மணல் தரை, கிணறோ உவர்.

மாமியார் பார்த்துவிட்டார்.

“ஏளா, பிள்ள வாயில போடுதத மண்ணுல போட்டுட்டு நிக்கியே. படிச்சவ செய்யுத காரியமா இது?”

அன்று கூழ் போதாமல் குழந்தை அழுதது. அந்த அழுகை மாமியாரின் பேச்சைவிடச் சுட்டது. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தேன். வெள்ளையாக முளை எட்டிப்பார்த்தது. திரும்பப் புதைத்துவிட்டு, நானே அதைக் கெடுத்துவிட்டேனோ என்று கவலைப்பட்டேன்.

ஐப்பசி மழை கைகொடுத்தது. கதிர் பால் பிடித்ததும் குருவிகள் இறங்கின. மட்டிக்குப் போனால் கம்பு மிஞ்சாது. காவல் இருந்தால் அன்றைய சாப்பாட்டுக்கு வழியில்லை. நான் தவிப்பதைப் பார்த்த மாமியார் கடற்கரைக்குப் போய், கிழிந்த மீன்வலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். கழி நட்டுக் கதிர்களுக்கு மேல் அதை விரித்துக் கட்டினார். பிறகு இருவரும் நிம்மதியாகக் கடலுக்குப் போனோம்.

தை பிறந்ததும் அறுத்தோம். விதைத்ததைப் போலப் பல மடங்கு. தெருப் பெண்கள் வந்து அள்ளிப் பார்த்தார்கள். குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு மடியிலேயே தூங்கியது. அன்று நான் ஒரு ராஜ்யத்தையே பிடித்தவள்.

கூழ் காய்ச்சுவதற்கு முன்பே மாமியார் நல்ல கதிர்களைத் தனியே எடுத்து கூரை மோட்டில் கட்டியிருந்தார்.

“பிள்ள அழுதாலும் இதத் தொடப்பிடாது, கேட்டியா? அடுத்த மழைக்கு வேணும்.”

மறுநாள் மட்டிக் கூடையில் செம்மண் சுமந்து புறவாசல் பாத்தியை அகலப்படுத்தினோம்.