செல்வி அக்கா வாங்கிய பாதம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "நடக்கலாம், ஓடலாம். ஆனா இந்த வலது காலால பந்தை ஓங்கி உதைக்கவே கூடாதுங்க" என்றார். கால்பந்தே பிழைப்பான என்னிடம் அதைச் சொன்னார்.

என் பெயர் ஜோசப். கானா நாட்டில் குமாசி என் ஊர். செம்மண் தெருவில் வெறுங்காலோடு தொடங்கி, என் நாட்டுக்காகப் பதினோரு ஆட்டம் ஆடினேன். மூன்று கோல், மூன்றும் வலது காலால். பிறகு இந்தியாவில் ஒரு கிளப் அழைத்தது. வந்த இடத்தில் புறங்கால் எலும்பு முறிந்தது. கிளப் கைகழுவியது. வைத்தியத்துக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை பிடித்தேன். அம்மாவிடம் போனில் நன்றாக இருப்பதாகப் பொய் சொன்னேன். "ஆண்டவரே, என் காலைக் கொடும், இல்லையென்றால் உயிரை எடுத்துக்கொள்ளும்." வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் ஜெபித்தேன்.

கீழ் வீட்டில் செல்வி அக்கா. கணக்கு டீச்சர், கத்தோலிக்கர். அந்த வாரமே சின்ன வெள்ளிப் பாதம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"உங்களுக்காக நேர்ந்துக்கிட்டேன் தம்பி. மாதா கோயில்ல காணிக்கை போட்டுடுங்க."

நான் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவன். எங்களுக்கு இந்த வழக்கம் இல்லை. தயக்கத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் இருந்த பக்கம் கண்ணில் பட்டது.

"அக்கா, இது லெஃப்ட் கால்."

"ஐயையோ! உங்க எதிர்ல நின்னே பார்த்துப் பழகிட்டேன், மாறிப்போச்சு! குடுங்க, மாத்திட்டு வரேன்."

கணக்கு டீச்சர் லட்சணம்! எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். பாதத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. "ஆண்டவருக்குத் தெரியும் அக்கா" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு, நானே கொண்டுபோய்க் காணிக்கைப் பெட்டியில் போட்டேன்.

மறுநாள் விடியலில் பந்தோடு காவிரிக்குப் போனேன். தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை மணல். மங்கிய வெளிச்சத்தில் கோபுரம் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தது. நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. அந்த வெள்ளிப் பாதம் நினைவில் வந்தது. வலது காலை ஊன்றி, வாழ்க்கையில் முதல்முறையாக இடது காலால் ஓங்கி உதைத்தேன். பந்து எங்கேயோ போனது. ஆனால் வலிக்கவில்லை.

தவக்காலம் முழுக்க உதைத்தேன். ஈஸ்டருக்குப் பிறகும் உதைத்தேன். மேட்டூர் தண்ணீர் வந்து மணலை மூடியபோது, பந்து நான் பார்த்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஊர் திரும்பி, ஒரு கிளப்பில் இடது காலால் ஆடினேன். மறு வருடம் என் நாடு மறுபடி அழைத்தது. அம்மா மைதானத்துக்கு வந்திருந்தார். ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து என் இடப்பக்கம் உருண்டு வந்தது. அத்தனை கூட்டத்தின் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. காலுக்கடியில் புல் இல்லை, காவிரி மணல்தான் இருந்தது. அடித்தேன். கோல்.

ஆட்டம் முடிந்ததும் செல்வி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எந்தக் காலால அடிச்சீங்க தம்பி?"

"நீங்க வாங்கின கால் அக்கா."

அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. நானும் அழுதேன்.

இப்போது நான் சொல்லச் சொல்ல இதைத் தமிழில் எழுதுவதும் அவர்தான். கால் மாறிய கதையை எடுத்துவிடச் சொல்கிறார், நான் விடவில்லை. இப்போதெல்லாம் ஜெபிக்கும்போது எந்தக் கால் என்று நான் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. நீங்களும் நம்பிக் கேளுங்கள். கேட்டது மாறி வந்தால், அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.